இடது தோள் அளவு

அன்று மாலை அந்த அரங்கில் எங்கள் குடும்பத்தார் என்று இருந்தவர்கள் இவர்கள்தாம். நான். என் மனைவி. என் தங்கை, கடையில் அவளை எல்லோரும் மெஷின் என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் வேகத்துக்காக வந்த பெயர் என்பது அவள் கட்சி, வாய் வேகத்துக்காக வந்தது என்பது மற்றவர்கள் கட்சி. அவள் கணவர் காஜா மாப்பிள்ளை. பித்தான் துளை போடும் காஜா வேலையில் அவருக்கு இணை கிடையாது, காதுதான் இரண்டும் மந்தம். இறந்துபோன என் தம்பியின் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் பியானோ கற்றுக்கொடுப்பவள். மேடையில் பியானோ வாசித்தது அவள் மகள். இவர்களைத் தவிர எங்கள் வரிசையின் கடைசி நாற்காலியில், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அந்தப் பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர். மற்றவர்கள் டிக்கெட் வாங்கி வந்த பொதுமக்கள். இதில் இல்லாத உறவினர் யாராவது நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னால், அவர் இல்லை. இப்போது இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் உட்கார வைக்க அந்த அரங்கு போதாது.

வீட்டில் மூத்தவன் நான். ஆளுக்கு ஒரு விதமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கடை கோட்டும் சட்டையும் தைக்கும் கடை. தாத்தா ஆரம்பித்தது. துணி வெட்டுவதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கலாம். ஆனால் எங்கள் கடையில் யாருடைய இடுப்பளவும் வாய்விட்டுச் சொல்லப்பட்டது கிடையாது. மற்ற கடைகளில் அளவு எடுப்பவர் எண்ணைக் கூவுவார். காத்திருக்கும் நாலு பேர் திரும்பி அந்த மனிதரின் வயிற்றைப் பார்ப்பார்கள். தாத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவருடைய உடம்பு அவருக்கும் அவருடைய தையல்காரருக்கும் மட்டுமே தெரிய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்காகத்தான் தட்டு முறையைக் கொண்டுவந்தார்.

முறை இதுதான். அளவு எடுப்பவர் எண்ணைச் சொல்ல மாட்டார். பக்கத்து மர மேசையில் தட்டுவார். பத்துக்கு உள்ளங்கை. ஒன்றுக்கு விரல்தொப்பி, அதாவது ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் பித்தளைத் தொப்பி. அரைக்கு நகத்தால் ஒரு கீறல். எந்த இடத்து அளவு என்றும் சொல்ல மாட்டார், ஏனென்றால் வரிசை எப்போதும் ஒன்றுதான்: நீளம், தோள், கை, மார்பு, இடுப்பு என்று போகும். திரைக்குப் பின்னால் வெட்டுமேசையில் நிற்பவர் சாக்பீஸால் குறித்துக்கொண்டு அதே தட்டைத் திருப்பித் தட்டுவார். பதில் வந்தால்தான் அளவு ஏறியதாக அர்த்தம். பதில் வராவிட்டால் எடுப்பவர் மறுபடி தட்டுவார், வரும்வரை தட்டுவார். பதில் மாறி வந்தால் மறுபடி அளப்பார். ஒரு தட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த அளவுக்குப் போவது எங்கள் கடையில் நடந்ததில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வந்து ஒட்டுக்கேட்க வேண்டாம். எது பத்து, எது ஒன்று, எது அரை என்பதை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்ல விருப்பமில்லை, சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் குடும்பத்தில் இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் தாழ்வு. தாத்தாவுக்கு அப்படி, அப்பாவுக்கு அப்படி, எனக்கும் தம்பிக்கும் மெஷினுக்கும் அப்படி. மேசைமேல் சாய்ந்து சாய்ந்து வந்ததா, பிறக்கும்போதே வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வெளியாருக்கு இது தெரிந்ததே இல்லை. எங்கள் உடுப்புகளில் இடது தோளுக்குள் ஒரு பஞ்சுப்பட்டை வைத்துத் தைத்துக்கொள்கிறோம். நிமிர்ந்து நிற்பதுதான் எங்கள் கடையின் விளம்பரம். கோணல் தோள்காரன் வெட்டிய கோட்டை யார் நம்பி மாட்டிக்கொள்வார்கள்?

கடையில் அளவு எடுப்பவனாக இருந்தவன் என் தம்பி. வெட்டுமேசை என்னுடையது. அவன் தட்டுவான், நான் பதில் தட்டுவேன்; நாள் முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான். பியானோ வாத்தியாரம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளுக்கு வேலை கிடைத்த ஊருக்கே போய்விட்டான். போனது அவன் விருப்பம். கடையை விட்டுப் போனவன் தட்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். தலையாட்டினான். அங்கேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான்.

அவன் மகளைச் சின்ன வயதில் நாலைந்து முறை பார்த்ததுதான். பியானோ வாசிக்கிறாள், ஊர் ஊராகப் போகிறாள், ஆட்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள் என்று காதில் விழும். ஒரு மழை நாளில் நேராகக் கடைக்கு வந்து நின்றாள், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

“பெரியப்பா, ஒரு அனுமதி வேணும்.”

“முதல்ல அந்தப் பக்கம் உக்காரு. ஈரத்தோட துணிகிட்ட வராதே.”

உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. “நம்ம தட்டு இருக்கில்ல, அதை மேடையில வாசிக்கலாம்னு இருக்கேன். பியானோவுல.”

மெஷின் தையலை நிறுத்தினாள். அவள் நிறுத்துவது அபூர்வம். “பியானோவுல எப்படிடி தட்டுறது? மூடி மேலயா?”

“உள்ள, அத்தை. கம்பிங்களுக்கு நடுவுல துணி, பித்தான், நூலு எல்லாம் சொருகி வச்சுட்டு வாசிப்பேன். கேட்டா பியானோ மாதிரியே இருக்காது.”

“பியானோ மாதிரி இருக்காதுன்னா அவ்வளவு பெரிய பியானோ எதுக்கு? ரெண்டு தகர டப்பா போதுமே. தூக்கிட்டுப் போகவும் சுலபம்.”

அவள் சிரித்தாள். முதலில் மூக்கில் ஒரு காற்று, பிறகுதான் சத்தம். தம்பியின் சிரிப்பு அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தட்டு உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?” என்றேன்.

“யாரும் சொல்லிக்குடுக்கல. சாப்பிட உக்காந்தா அப்பா மேசையில தட்டுவாரு. என் அளவு, அம்மா அளவு, எதிர்வீட்டு நாயோட அளவு. நான் திருப்பித் தட்டணும். தப்பாத் தட்டினா என் தட்டுல இருக்கறதை எடுத்து அவர் தின்னுடுவாரு.”

“அவன் தட்டியிருக்கக் கூடாது.”

“தெரியும். நீங்க சொல்லி அனுப்பினதையும் சொல்லியிருக்காரு. அதைச் சொல்லிட்டுத்தான் தினமும் தட்டுவாரு.”

காஜா மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “பொண்ணு என்னம்மா கேக்குது? பித்தானா?” என்றார்.

“ஆமா மாமா, பித்தானும்தான்!” என்று அவர் காதருகே கத்தினாள். அவர் உடனே பித்தான் டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

“மேடையில வாசிக்க வேற ஒண்ணும் கிடைக்கலியா உனக்கு?” என்று கேட்டேன்.

விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா பக்கத்து ஆளுங்களுக்கு நான் தையல்காரர் பொண்ணு. இங்க வந்தா பியானோக்காரி பொண்ணு. மேடையில உக்காந்து யாரோ எழுதி வச்சதை வாசிக்கறேன். நல்லாத்தான் வாசிக்கறேன், கை தட்டுறாங்க. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில தட்டிப் பாக்கறேன். பதில் வர்றதில்ல, பெரியப்பா.”

கடையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கடைக்கு வெளிய அதுக்குப் பதில் கிடையாதும்மா,” என்றேன்.

இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். எங்கள் கண்ணாடி முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு மனிதரும் எங்கள் வாயை நம்பித்தான் மேல்சட்டையைக் கழற்றுகிறார். வாடிக்கைக்காரர் யாருடைய அளவும் வராது என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவள் அப்பனும் என் முன்னால் தலையாட்டியவன்தான்.

“வாசிக்காதேன்னு உன் கையைப் பிடிச்சு வைக்க என்னால முடியாது,” என்றேன். “ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. வாடிக்கைக்காரர் ஒருத்தரோட அளவு என் காதுல விழுந்துதுன்னா அந்த இடத்துலயே எழுந்து நிப்பேன். இவ எங்க வீட்டுப் பொண்ணு இல்லைன்னு அத்தனை பேர் முன்னாலயும் சொல்லிட்டுத்தான் வெளிய போவேன்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ வருவீங்களா?”

மெஷின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். “மாட்டிக்கிட்டீங்களா அண்ணே!”

சொன்ன சொல் சொன்னதுதான். போனேன்.

புறப்படும்போது என் மனைவி என் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தாள். “ஏங்க, கச்சேரிக்குமா இந்த விரல்தொப்பி?”

“பையில இருக்கறது பையில இருக்கட்டும்.”

“எழுந்து நிக்கப் போறீங்களா, இல்ல உக்காந்து கேக்கப் போறீங்களா? சொல்லிட்டா நான் செருப்பைக் கழட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிப்பேன்.”

முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். மேடை உயரமில்லை, முழங்கால் உயர மரப் பலகைத் தளம், கையை நீட்டினால் தொடலாம். அதன்மேல் நீளமான கறுப்புப் பியானோ, மூடியைத் தூக்கி நிறுத்தி. அவள் அதற்குள் பாதி உடம்பு போகக் குனிந்து, கம்பிகளுக்கு நடுவே எதையோ சொருகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் கோட்டுப் பித்தான்கள், லைனிங் துணிச் சுருள்கள், கறுப்பு நூல். பித்தான்கள் எங்கள் கடையுடையவை. காஜா மாப்பிள்ளை அன்று டப்பாவோடு கொடுத்தனுப்பிவிட்டிருந்தார்.

சுருதி கூட்டுபவர் என் பக்கம் சாய்ந்தார். அவர் கோட்டின் வலது கை ஒரு விரற்கடை அதிக நீளம். யாரோ அவசரத்தில் வெட்டியது. “காலையிலேர்ந்து ஒவ்வொரு கம்பியா கொழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி சுருதி பண்ணி வச்சேன் சார். இப்ப பாருங்க, பித்தானைச் சொருகறாங்க. என்னால உக்காந்து பாக்க முடியல.”

“கெட்டுப்போகுமா?”

“போகாது. அவங்களுக்கு எந்தக் கம்பியில எதை வைக்கணும்னு அளவு தெரிஞ்சிருக்கு. அதான் இன்னும் கடுப்பா இருக்கு.”

தம்பி மனைவி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளும் நானும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அன்று முதல் முறையாக அவள் என்னைப் பார்த்துத் தானாகப் பேசினாள். “எனக்கும் பிடிக்கல மாமா. பியானோவுக்குள்ள கையை விடக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை நான் அதட்டாத நாளில்ல. என் பொண்ணே விடுறா.”

“என் வீட்டுத் தட்டை எடுத்து உன் பியானோவுக்குள்ள போட்டிருக்கா. ரெண்டு பேருக்கும்தான் அவமானம்,” என்றேன். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். நாங்கள் சம்பந்திகளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டோம்.

விளக்கு குறைந்தது. அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் வருடத்தில் வாசிக்கும் சாதாரணமான ஒரு பாடத்தை வாசித்தாள். துவைத்துப் பெட்டி போட்ட சட்டை மாதிரி சுத்தமாக இருந்தது. தம்பி மனைவியின் விரல்கள் மடியில் கூடவே அசைந்தன. அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் என்று புரிந்தது. சரி, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அதே பாடத்தை மறுபடி தொடங்கினாள். இந்த முறை இடது கை துணி சொருகிய கம்பிகளின் பக்கம் இறங்கியது. துணிக் கட்டை வெட்டுமேசையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. பியானோவிலிருந்து. நான் அறியாமல் முன்னால் சாய்ந்துவிட்டேன். பாடம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதில் ஒவ்வொரு சுரமாகக் காணாமல் போய், அந்த இடத்தில் துணி விழுகிறது, பித்தான் உருள்கிறது, இஸ்திரிப் பெட்டியின் சூடு ஈரத்தில் பட்டுச் சீறுகிறது. ஒன்றையொன்று அழிக்கவும் இல்லை. தாயின் பாடத்துக்குள் என் கடை வந்து உட்கார்ந்துவிட்டது, கூட்டுக்குடும்பத்தில் வந்து உட்காருகிற மாதிரி, யாரையும் எழுப்பாமல்.

பிறகு அவள் எழுந்து நின்று, ஒரு கம்பிக்கு அடியில் நுழைத்திருந்த கறுப்பு நூலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தாள்.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. துணிக்குள் நூல் போகும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். காதருகே வைத்துக் கேட்டால்கூட அது ஒரு மூச்சளவுதான். அந்த மூச்சுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அரங்கின் மூலை முடுக்கெல்லாம் அது எழுந்து நின்றது. எங்கே தொடங்கியது, யாருடைய தொண்டை என்று சொல்ல முடியாத ஒரு நீளக் குரல். என் கைமயிர் குத்திட்டு நின்றது. மெஷின் வாயைத் திறந்தபடி இருந்தாள். அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எங்கள் வீட்டில் இதுவும் ஒரு அதிசயம்தான்.

நூலை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். தணிந்த சுரங்களுக்கான கட்டைகளில் இரண்டு கையும் ஓட ஆரம்பித்தன, வேகமாக, இன்னும் வேகமாக, பாதம் மிதியில் ஏறி இறங்க. மரத்தளம் அதிர்ந்து, அந்த அதிர்வு நாற்காலிக் காலில் ஏறியது. காஜா மாப்பிள்ளை நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அரங்கு முழுவதும் கேட்க, “மச்சான்! காலையில கடை தொறந்த மாதிரி இருக்கு! எல்லா மெஷினும் ஓடுது!” என்றார். காது கேட்காதவர் சொன்னார் அதை. பின்வரிசையில் யாரோ உஷ் என்றார்கள். மெஷின் அவர் தொடையைக் கிள்ளினாள். அவர் கண் கலங்கியிருந்தது; கிள்ளியதாலா என்று தெரியாது.

சட்டென்று எல்லாம் நின்றது.

அமைதியில், துணி சொருகிய அடிக்கம்பிகளில் உள்ளங்கை விழுந்தது. பித்தான் கம்பிகளில் தொப்பியின் ஓசை. நூல் கம்பியில் ஒரு கீறல்.

நீளம்.

நான் நிமிர்ந்தேன். நான் வந்தது இதற்காகத்தான். யாருடைய நீளம் இது? மனதுக்குள் வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி முன் நிறுத்தினேன். எதுவும் பொருந்தவில்லை. நீளத்துக்குப் பதிலையும் அவளே தட்டிக்கொண்டாள். அடுத்தது தோள். தட்டினாள். ஒரு இடைவெளி விட்டு, மறுபடி தோள் தட்டினாள், வேறு எண்ணில்.

தோளை இரண்டு தடவை தட்டுவது இரண்டும் ஒன்றாக இல்லாதபோது மட்டும்தான். வலது இவ்வளவு. இடது அதைவிட அரை அங்குலம் கீழே.

என் காது சூடாகிவிட்டது. இது என் அளவு. எங்கள் அளவு. பஞ்சு வைத்து மூன்று தலைமுறையாக மூடி வைத்ததை, டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் இந்தப் பெண் தட்டிச் சொல்கிறாள். நான் இரண்டு கையையும் ஊன்றிப் பாதி எழுந்துவிட்டேன். என் மனைவி, “என்னங்க,” என்று என் முழங்கையைத் தொட்டாள்.

மேடையில் அவள் அடுத்த அளவுக்குப் போகவில்லை. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு இடது தோளை மறுபடி தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

மக்களுக்கு அது இசையின் ஒரு பகுதி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். தம்பி மனைவி, “மறந்துட்டாளா?” என்று பதறினாள். அவள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அவளை ஒரு தையல்காரனாகப் பார்த்தேன். அதுவரை ஒரு காவல்காரனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரே விளக்கு. உடம்போடு ஒட்டிய மெல்லிய ஒற்றைத் துணி உடுப்பு. லைனிங் இல்லை, பஞ்சு இல்லை. அதில் இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்து, ஊரே பார்க்கும்படி இருந்தது. அன்று கடையில் மழைக்கோட்டைக் கழற்றாதது ஏன் என்று புரிந்தது. முதலில் தட்டிய நீளம் ஒரு பெண்ணின் நீளம். கோபத்தில் அதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவள் தன்னைத்தான் அளந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கடைக் கண்ணாடி முன் நின்று அளவு கொடுத்தவர்கள். இவள் ஒருத்திதான் கொடுத்ததில்லை.

சுற்றிலும் பார்த்தேன். அரங்கு நிறைய ஆட்கள். எங்களைத் தவிர ஒருவருக்கும் அது அளவு என்று தெரியாது. அவ்வளவு பேருக்கு நடுவில் ஒரு பெண் தன் உடம்பைத் தன் தையல்காரனுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தாத்தாவின் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை. அந்த மனிதர் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவள் நான்காவது முறையாகத் தட்டினாள். முன்னைவிட மெதுவாக.

நான் உட்கார்ந்தேன். பையிலிருந்து விரல்தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியின் மரக் கையில் இடது தோளைத் திருப்பித் தட்டினேன். கடைசியில் நகத்தால் அரை.

அவள் காலடியில் மிதி அழுந்தியபடி இருந்திருக்க வேண்டும். என் தட்டு விழுந்ததும் பியானோவுக்குள் ஏதோ முனகியது. யாரும் தொடாத கம்பிகள், லேசாக, தூக்கத்தில் கூப்பிட்டால் ம் என்கிற மாதிரி. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன்.

சுருதிக்காரர் மெல்லிய குரலில், “மிதியை அழுத்தினா கம்பியெல்லாம் தொறந்துக்கும் சார். வெளிச் சத்தத்துக்குக்கூட உள்ள பாடும்,” என்றார். பிறகு, “ஆனா இப்படிப் பாடி நான் கேட்டதில்ல,” என்றார்.

மேடையில் அவள் மூக்கில் ஒரு காற்று வந்தது. பிறகு அவள் கை அளவைத் தட்டினாள்.

அதில் அரை அங்குலம் கூடுதல். தன் கையைத் தானே அளந்தால் அப்படித்தான் வரும். அவள் தோள் முனையிலிருந்து மணிக்கட்டுவரை கண்ணால் ஒரு தடவை ஓடிவிட்டு, அரையைக் குறைத்துப் பதில் தட்டினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். திருத்தித் தட்டினாள். மார்பு, இடுப்பு, முதுகு என்று வரிசை போனது. ஒவ்வொரு பதிலுக்கும் அந்த முனகல் எழுந்து, முந்தையதன் மேல் படிந்து, தணியாமல் நின்றது. மெஷினும் தட்டக் கையைத் தூக்கினாள். பதில் ஒருவர்தான் தட்ட வேண்டும் என்பது முறை, பிடித்து நிறுத்தினேன். கடைசி அளவு முடிந்ததும், இனி வெட்டலாம் என்பதற்கு வெட்டுமேசைக்காரர் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். தட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் வாசித்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அத்தனை அளவுகளும் சேர்ந்து எழுந்தன, தாயின் பாடம் அவற்றின் மேலே நடந்து போனது. நீளமும் தோளும் கையும் எண்களாக இல்லை. ஒரு ஆள் எழுந்து நிற்பது போல இருந்தது. நான் எத்தனையோ துணியை ஆளாக நிற்க வைத்தவன். சத்தத்தில் ஒரு ஆள் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். வாசிப்பு முடிந்தது. தம்பி மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்பவும் கையை விட்டது பிடிக்கல மாமா,” என்றாள்.

“எனக்கும்தான்,” என்றேன். இருவரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

மேடைக்குப் பின்னால் போனபோது அவள் பித்தான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். சுருதிக்காரர் கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“கடைக்கு வெளிய பதில் கிடையாதுன்னீங்க, பெரியப்பா.”

“கையைத் தானா அளக்கக் கூடாது. அதுகூடவா உங்கப்பன் சொல்லிக்குடுக்கல?”

“சொன்னாரு. அளக்க ஆள் இல்லையே.”

விரல்தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டேன். மெஷின்தான் அவளைக் கட்டிக்கொண்டு, “வாடி, அடுத்த தடவை நான் அளக்கறேன். உங்க பெரியப்பா மாதிரி மூணு தடவை காக்க வைக்க மாட்டேன்,” என்றாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவளுக்கு ஒரு கோட்டு வெட்டினேன். அளவு எடுக்க வேண்டியிருக்கவில்லை. இடது தோளில் பஞ்சு வைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. தோள் சரிவுக்கே துணியைச் சரித்து வெட்டினேன். அப்படி ஒரு தோளை நான் அதற்கு முன் வெட்டியதில்லை. போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் உட்கார்ந்தது. என் கோட்டில் பஞ்சு அப்படியே இருக்கிறது.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அண்ணன், அதாவது நான், மனது கேட்காமல், குடும்ப மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில், கச்சேரி நடுவில் கைத்தடியால் தரையை இடித்து அந்தப் பெண்ணை நிறுத்தச் சொன்னார் என்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. என்னிடம் கைத்தடி கிடையாது.